கட்டத்தில் டிக் போட்டது யார்?

ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதை மறுத்துப் பேசுபவர்கள் அநேகமாக இல்லை, சேர்ப்பவர்கள்தான் குறைவு. விவரம் தெரியாததுதான் காரணம் என்று நம்பி, துண்டறிக்கை அச்சிட்டுக் கருத்தரங்கு நடத்திய நிறுவனங்கள் உண்டு. பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றில், படிவம் நிரப்பினால்தான் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம் என்றிருந்தவரை, புதிதாக வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர்கூடச் சேரவில்லை. பிறகு விதியைத் திருப்பிப் போட்டார்கள்: எல்லோரும் தாமாகவே உறுப்பினர், வேண்டாம் என்பவர் சொல்லிவிட்டு விலகலாம். உறுப்பினரானவர்கள் 86 சதவீதம். நிறுவனம் தன் பங்காகப் போடும் தொகை கூடவில்லை, யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மாறியது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பது மட்டும்.

இதைச் சோம்பல் என்று ஏசிவிடுவது எளிது. ஆனால் புரியாத விஷயத்தில் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவதும், முப்பது வருஷம் கழித்து வரும் பணத்தைவிட இந்த மாதச் சம்பளத்தைப் பெரிதாக நினைப்பதும் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொது. இந்த இயல்பைத் திருத்த முயலாமல், அதற்கு இசைவாகப் படிவத்தைத் திருத்தலாம் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர். பிரிட்டன் இப்படித் தானாகச் சேர்க்கும் முறையை நாடு முழுவதற்குமான சட்டமாக்கி 2012 அக்டோபர் முதல் படிப்படியாக அமல்படுத்தியது. ஒரு கோடிப் பேருக்கு மேல் ஓய்வூதியச் சேமிப்பில் சேர்க்கப்பட்டார்கள். விலகியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்.

இந்த வெற்றியைப் பார்த்து, நடத்தை அறிவியலின் பெயரால் வரும் எல்லா யோசனைகளையும் நம்பிவிடக் கூடாது. படிவத்தின் கீழே இடும் கையெழுத்தை மேலே இடச் செய்தால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று சொல்லி 2012இல் வந்த பிரபலமான ஆய்வு, அதன் தரவே நம்பகமற்றது என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் அமெரிக்காவின் இரண்டு பெரிய நடத்தை அறிவியல் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான ஆய்வுகளில் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி முன்னேற்றம் தெரிந்தது. இந்தச் சோதனைகளில் கிடைத்ததோ 1.4. கடிதத்தின் வாசகத்தை மாற்றுவது, நினைவூட்டுவது போன்றவற்றுக்குப் பலன் இருக்கிறது, ஆனால் சிறிது. எல்லோரையும் தாமாகவே சேர்த்துவிடும் விதி, அதாவது படிவத்தில் முன்கூட்டியே போட்ட டிக், இவற்றைவிட வலுவானது என்பது என் கணிப்பு. அதற்கும் எல்லை உண்டு.

உறுப்பு தானத்தில் அந்த எல்லை தெரிகிறது. 2003இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் ஒப்பிட்டபோது, சம்மதத்தை எழுதித் தர வேண்டிய ஜெர்மனியில் 12 சதவீதத்தினரே சம்மதித்திருந்தனர். மறுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவரே என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட எல்லோரும். கேட்பவரை வாயடைக்க வைக்கும் கணக்குதான். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதும் உறுப்பு கிடைப்பதும் ஒன்றல்ல. ஸ்பெயின் இதே வகைச் சட்டத்தை 1979இலேயே இயற்றியது. பத்து வருஷம் கழித்தும் பத்து லட்சம் பேருக்கு 14 கொடையாளர் என்ற அளவில்தான் இருந்தது. 1989இல் தேசிய அமைப்பை உருவாக்கி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்திய பிறகே அது 40ஐத் தாண்டியது. காரணம், அங்கும் துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் ஒருவர் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு மூளைச்சாவுக்குப் பிந்தைய தானத்தில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்றாக இருப்பதும் சம்மதத்தை அனுமானிக்கும் சட்டத்தால் அல்ல. இந்தியச் சட்டப்படி உறவினர் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளப் பிடித்தத்தில் டிக் போட்டதுமே பணம் போய்ச் சேர்கிறது. தானத்தில் டிக்குக்குப் பிறகும் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார்.

இப்படி முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது நாசூக்கான ஏமாற்று, நமக்குத் தெரியாமல் நம்மை ஆட்டிவைப்பது என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வியல்ல. இதே உத்தியால்தான் டிக்கெட் வாங்கும்போது கேட்காத காப்பீட்டைத் தலையில் கட்டினார்கள். கூடுதல் கட்டணத்துக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது உட்பட 13 வகை இணையத் தந்திரங்களைத் தடுக்கின்றன. ஆனாலும் படிவம் என்று ஒன்று இருந்தால், அதை நிரப்பாதவருக்கு ஏதோ ஒன்று நடந்தே தீரும். சேர்க்காமல் விடுவதும் யாரோ எடுத்த முடிவுதான். ஆகவே வெளியேறுவது எவ்வளவு எளிது, டிக் போட்டவர் அதற்கான காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்வாரா என்று கேட்பதே பொருத்தம்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. மாட்ரியன், ஷே ஆராய்ந்த நிறுவனத்தில் தொடக்க விகிதம் 3 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதிலேயே தங்கிவிட்டார்கள், போதுமா என்று பார்க்கக்கூட இல்லை. இதற்குத் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு வழி கண்டார்கள்: சம்பளம் உயரும்போதெல்லாம் பிடித்தமும் கொஞ்சம் உயரும் என்று முன்பே ஒப்புக்கொள்ளச் செய்வது. முதலில் சோதித்த நிறுவனத்தில், அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6ஆக ஏறியது. ஆனால் அதற்கும் சம்பளம் ஒன்று வேண்டும், அதைப் பிடித்துத் தர ஒரு முதலாளி வேண்டும். பிரிட்டனின் ஏற்பாட்டில் சுயதொழில் செய்பவர்களுக்கு இடமில்லை. ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்காதவரும் தாமாகச் சேர்க்கப்படுவதில்லை.