வரி சரக்குக்கு, இழப்பு யூடியூபருக்கு

வியூஸ் அப்படியே இருக்கிறது, டாலர் மட்டும் குறைகிறது. அமெரிக்கத் தமிழர்கள் அதிகம் பார்க்கும் சேனல் நடத்துபவர்கள் இப்படி நேர்ந்தால் முதலில் யூடியூபைத்தான் சந்தேகிப்பார்கள். சிக்கல் அமெரிக்கச் சுங்கத் துறையில் தொடங்கியிருக்கலாம்.

800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்காவில் சுங்க வரி இல்லாமல் இருந்தது. டெமு, ஷீயின் போன்ற நிறுவனங்கள் அந்தச் சலுகையில்தான் சீனாவிலிருந்து நேராக வீடுகளுக்குச் சரக்கு அனுப்பின. 2025 மே 2 முதல் சீனச் சரக்குக்கும், ஆகஸ்ட் 29 முதல் மற்ற நாடுகளின் சரக்குக்கும் அது நின்றுபோனது. வரி வரப்போகிறது என்றதுமே அவர்கள் கைவைத்தது விளம்பரச் செலவில். ஆசிய இணைய வணிகர்கள் அமெரிக்க விளம்பரங்களைக் குறைத்துவிட்டதை மெட்டா அந்த ஏப்ரலிலேயே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டது.

யூடியூபில் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது. அள்ளி வீசும் ஆள் ஒருவர் விலகினால், மீதிப் பேர் குறைந்த விலைக்கே எடுத்துவிடுவார்கள். வழக்கமான வீடியோக்களில் விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்கு என்கிறது ஒப்பந்தம். அந்த வருவாய் எவ்வளவு இருக்கும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. ஆகவே விலை சரிந்தால் நஷ்டஈடு கேட்க வழியில்லை. சேனல் வருமானத்தை நம்பி மாதத் தவணைக் கடன் வாங்குபவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

ஆனால் எல்லாச் சரிவும் சந்தைச் சரிவு அல்ல. யூடியூப் ஸ்டூடியோவில் நாடு வாரியாகக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் விலை இறங்கியிருந்தால் விளம்பரச் சந்தையைச் சந்தேகிக்கலாம். வீடியோவுக்குப் பக்கத்தில் மஞ்சள் டாலர் குறி இருந்தால், அந்த வீடியோவுக்கே விளம்பரம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே மறுபரிசீலனை கேட்கலாம், கேளுங்கள்.

இன்னொன்று, 2021 முதல் நடக்கும் அமெரிக்க வரிப் பிடித்தம். இதற்கும் புதிய இறக்குமதி வரிக்கும் தொடர்பில்லை. யூடியூப் பணம் வந்துசேரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் வரி விவரம் கொடுக்காதவர்களுக்கு உலகளாவிய மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகலாம். பான் எண்ணுடன் படிவத்தை நிரப்பி இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வரும் தொகையில் மட்டும் 15 சதவீதம். அப்படிப் பிடித்ததையும் இந்திய வருமான வரிக் கணக்கில் காட்டி, விதிகளுக்கு உட்பட்டு ஈடுசெய்துகொள்ளலாம்.

வருமானத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கடவுச்சொல் கேட்பவர்களிடம் சேனலை ஒப்படைக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வரி விவரம் கொடுத்தாயிற்றா என்று தெரியவில்லையென்றால், அடுத்த வீடியோ போடுவதற்கு முன் ஆட்சென்ஸைத் திறந்து பார்த்துவிடுங்கள்.