ஓருருவால் தளம் நிரப்புதல்

"கோலத்தைக் கணனி தானே பரப்புமாயின் கேத்திரகணிதம் எற்றுக்கு?" என மாணவர் வினவுதல் உண்டு. தக்க வினாவே, ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

நிலத்தில் ஓடு பதிப்போன் இரு குறைகளுக்கு அஞ்சுவான். ஓடுகளிடையே வெளி விழுதல் ஒன்று. ஓர் ஓடு பிறிதொன்றின்மேல் ஏறுதல் மற்றொன்று. துணிக்கும் தாளுக்கும் கோலம் வகுப்போர்க்கும் இவையே குறைகளாம். இவையின்றி உருக்களை மீட்டும் மீட்டும் அமைத்துத் தளத்தை நிரப்புதலைத் தெசலாக்கம் என்பர்.

இத்தொழிலைச் செய்யும் மென்பொருள்களுள் ஒன்று இங்ஸ்கேப் என்பது. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். ஓருருவை வரைந்து, நிரைகளும் நிரல்களும் எத்துணை என்று குறித்த அளவில், அதன் படிகள் தாமே பரவும். மூலவுருவைத் திருத்தின் படிகள் யாவும் உடன் திருந்தும். படிகளைப் பரப்புதற்கு 17 விதிகளை அது நம்முன் வைக்கின்றது.

இவ்வெண் மென்பொருள் செய்தோர் தாம் விரும்பி வைத்ததன்று. பெயர்த்தல், சுழற்றல், தெறித்தல், வழுக்கித் தெறித்தல் என்னும் இயக்கங்களால் இரு திசைகளில் மீளும் கோலங்கள் யாவும் 17 வகைக்குள் அடங்கும் என்பதை ருசிய அறிஞர் பெடோரோவ் 1891இல் நிறுவினார். பின்னர் 1924இல் பொல்யா என்பாரும் அதனைத் தனித்து நிறுவினார்.

இனி, அவ்விதிகளுள் ஒன்றை நோக்குவாம். 60 பாகைச் சுழற்சியும் தெறிப்பும் கூடிய விதியில், ஒரு புள்ளியைச் சூழ 12 படிகள் நிற்கும். ஒரு புள்ளியைச் சூழ்ந்த கோணம் 360 பாகையாதலின், ஒவ்வொரு படிக்கும் உரிய பங்கு 30 பாகையே. ஆகவே, 30, 60, 90 பாகைக் கோணங்களையுடைய முக்கோணமே இவ்விதிக்கு அடிப்படையுருவாகும். இதனை அறியாதான் 45 பாகை முனையை அப்புள்ளியில் வைப்பானாயின், 12 படிகளின் கோணங்கள் 540 பாகையாகும். படிகள் ஒன்றன்மேலொன்று ஏறும். கணனியோ தடையொன்றுங் கூறாது, ஏவியவாறே பரப்பி முடிக்கும். பயில்வோன் கருவியைக் குறைகூறுவான்; குறையோ அவன் தெரிந்த உருவின்கண் உளது.

ஆகவே மாணவர் முதலிற் கவராயத்தையும் பாகைமானியையும் கொண்டு இம்முக்கோணத்தைத் தாளில் வரைந்து, வெட்டி, பன்னிரண்டையும் தம் கையால் அடுக்கிப் பார்ப்பாராக. அதன்பின் கணனியை அணுகுவோர்க்கு 17 விதிகளும் பொருளுடையனவாகும். எவ்விதிக்கு எவ்வுரு ஏற்கும் என்பதும் தாமே தெளிவர்.