தோற்ற நாடும் ஏற்ற தீர்ப்பு

அயல்நாடுகள் இரண்டு ஒரே நிலத்துக்கு உரிமை கோருமிடத்து, அவற்றுள் ஒன்று தோற்றே ஆகவேண்டும். தீர்ப்பு எத்துணை நேர்மையானதாயினும், தோற்ற நாட்டின் உள்ளத்திலே கசப்பு எஞ்சுமாயின் அதுவே அடுத்த பூசலுக்கு வித்தாகும். வழக்கையும் தீர்த்து நட்பையும் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஓலந்துத் தீவுகளின் வரலாறு தக்க விடை தருகின்றது.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே, போல்டிக் கடலில் அமைந்தவை இத்தீவுகள். மக்கள் பேசுவது சுவீடிய மொழி. 1809ஆம் ஆண்டில் சுவீடன் இவற்றைப் பின்லாந்துடன் சேர்த்து இரசியாவிடம் இழந்தது. 1917இல் பின்லாந்து சுதந்திரம் பெற்றபோது, தீவு மக்களிற் பெரும்பான்மையோர் சுவீடனுடன் மீண்டும் இணைய விரும்பினர். சுவீடன் அவர்களை ஆதரித்தது. பின்லாந்தோ தன் மண்ணைப் பிரிக்க இசையவில்லை. 1920இல் தீவுத் தலைவர்கள் கைது செய்யப்படவே, இரு நாடுகளின் உறவும் பெரிதும் சீர்கெட்டது.

அந்நிலையிற் பிரித்தானியா இப்பிணக்கைச் சர்வதேச சங்கத்தின் முன் வைத்தது. சங்கம் முதலிற் சட்ட அறிஞரிடம் ஆலோசனை கேட்டது. பின்னர் உண்மை நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. 1921ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி தீவுகள் பின்லாந்துக்கே உரியன என்று சங்கத்தின் பேரவை முடிவு செய்தது.

அம்மட்டில் நின்றிருந்தால் பகை ஓய்ந்திராது. வென்ற நாட்டின் மீதும் பேரவை கடமைகளைச் சுமத்தியது. பாடசாலைகளிற் சுவீடிய மொழியே போதனாமொழியாக நிலைபெற வேண்டும். நிலம் தீவு மக்களின் கையிலேயே இருக்கத்தக்க காப்பு வேண்டும். தேசாதிபதி நியமனம் தீவுச் சபைத் தலைவரின் இசைவுடன் நிகழவேண்டும். இசைவு ஏற்படாவிடின், சபை முன்மொழியும் ஐவருள் ஒருவரே தெரிவு செய்யப்பட வேண்டும். இவ்வாறு தீவு மக்கள் தம் மொழியையும் வாழ்வையும் காத்துக்கொண்டனர்.

சுவீடனுக்குக் கிடைத்தது யாது? தலைநகருக்கு அணித்தாயுள்ள அத்தீவுகளிலே பகைவர் படை வந்து தங்குமோ என்ற அச்சம் அதற்கு நெடுநாளாக இருந்தது. 1921 ஒக்டோபரிற் பத்து நாடுகள் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, தீவுகளிற் கோட்டையோ படைத்தளமோ அமைத்தலைத் தடுத்து அவற்றை நடுநிலைப் பிரதேசமாக்கியது.

சுவீடன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. எனினும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. அதனைப் பணியவைக்கச் சங்கத்திடம் படை இருந்ததில்லை. அதே சங்கம் மஞ்சூரியா விடயத்தில் யப்பானைக் கண்டித்தபோது, அந்நாடு 1933இல் சங்கத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. தீர்ப்பின் வலிமை அதனை ஏற்போரின் மனத்தையும் பொறுத்ததென்பது இதனாற் புலனாகும்.

தீவுச் சபை 1922 யூனில் முதன்முறையாகக் கூடியது. சர்வதேச சங்கம் மறைந்து பல்லாண்டுகள் சென்றபின்னும் அத்தீவுகளின் சுயாட்சி நிலைத்து நிற்கின்றது. பின்லாந்துக்கு இறைமை, சுவீடனுக்கு அச்சமின்மை, தீவு மக்களுக்குத் தம் மொழி என மூவர்க்கும் பங்களித்தமையாலேயே, ஒரு நாடு தோற்ற வழக்கில் இரு நாடுகளின் நட்பு பிழைத்தது.