மகளிர் பாடசாலையில் ஒரு வாரம்

இலங்கைப் பாடசாலைகளில் அதிபரின் மேசைமேல் சம்பவத் திரட்டுப் புத்தகம் என்றொரு தடித்த ஏடு இருக்கும். அன்றன்று நிகழ்ந்தவற்றை இரண்டொரு வரிகளில் அதிபர் அதிற் குறித்து ஒப்பமிடுவார். மாணவர் மன்றம் கூடியது, இல்ல விளையாட்டுப் பயிற்சி நடைபெற்றது, வெள்ளிக்கிழமைப் பூசை நிறைவேறியது என்பன போன்ற சிறு குறிப்புகளே அதில் மிகுதி. வெளியார் கண்ணுக்கு இவை சுவையற்ற செய்திகள். ஆயின், திருக்கோணமலை போன்றதொரு துறைமுக நகரிற் பெண்பிள்ளைகள் பயிலும் பாடசாலையின் ஐந்து நாட்களை அணுகி நோக்குவோர்க்கு, அவ்வரிகளுள் அடங்கிய பொருள் பெரிதென்பது விளங்கும்.

ஒரு பெண்மணி இட்ட அத்திவாரம்

இந்நகரில் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தோன்றியது 1923 ஆம் ஆண்டில். அதனை நிறுவியவரும் ஒரு பெண்மணியே. திருமதி தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர்கள். அதுவே ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக இன்று நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. இடைக்காலத்தில் அது இராமகிருஷ்ண மிஷனின் நிருவாகத்தில் வளர்ந்தது. பருவமெய்தியதும் மகளின் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்துவது பல குடும்பங்களில் வழக்கமாயிருந்த காலம் அது.

அவ்வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பாயின. 1980 இல் இலவசப் பாடநூலும், 1993 இல் இலவசச் சீருடைத் துணியும் கிடைத்தன. செலவென்னும் தடை இவ்வாறு படிப்படியாகக் குறையவே, வெள்ளைச் சீருடையணிந்த பெண்பிள்ளைகள் காலைவேளையில் வீதிகளை நிறைக்கலாயினர்.

திங்கள் முதல் வெள்ளி வரை

முதலாந் தவணையில், மாசி மாதத்து வாரமொன்றை எடுத்துக்கொள்வோம். இந்துப் பெண்கள் பாடசாலைகளில் இதன் பொது அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. நாட்கள் மட்டும் இடத்துக்கிடம் மாறலாம்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். தேவாரம் பாடுவது ஒரு மாணவி, நற்சிந்தனை உரைப்பது இன்னொருத்தி. திருக்கோணேச்சரத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தை இந்நகர்ப் பிள்ளைகள் கோயிலிலும் கேட்பர், பாடசாலையிலும் பாடுவர். நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் முதன்முறை வாய்திறக்கும் பிள்ளையின் குரல் நடுங்கும். மூன்றாம் முறை நடுங்காது.

செவ்வாயன்று மாணவர் மன்றம். தலைவி ஒருத்தி கூட்டத்தை நடத்துவாள். செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பாள். அறிக்கையிற் பிழையிருப்பின், சபையிலிருந்து ஒரு மாணவி எழுந்து திருத்தம் கூறலாம். ஒரு பாடவேளைக்குள் முடியும் இச்சிறு கூட்டம், சங்கம், சபை, மன்றம் யாவற்றையும் நடத்தும் முறையைப் பன்னிரண்டு வயதிலேயே கற்பித்துவிடுகின்றது.

புதனும் வியாழனும் இல்ல விளையாட்டுப் பயிற்சி. அணிநடைக்கு அடி பிசகாமல் நடக்கவேண்டும். அஞ்சலோட்டத்துக்கு ஆட்களைத் தெரியவேண்டும். இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை சேர்க்கவேண்டும். வெயிலில் நின்று இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்துபவள் பதினேழு வயது இல்லத் தலைவி. தோற்ற இல்லத்தைத் தேற்றி மறுநாளும் மைதானத்துக்கு அழைத்து வருவதும் அவள் பொறுப்பே. பெப்ரவரி 22 ஆம் திகதியும் அவ்வாரத்தில் அமையுமாயின், சாரணியர் சிந்தனை நாளைக் கொண்டாடுவர். 1917 இல் கண்டியில் தொடங்கிய பெண் சாரணியம் இலங்கைப் பெண்பிள்ளைகளுக்கு முடிச்சிடுதல், முதலுதவி, கூடாரமடித்தல் ஆகியவற்றைக் கற்பித்து வந்துள்ளது.

வெள்ளியன்று பூசை. மாலை கட்டுதல், பிரசாதம் பகிர்தல், பின்னர் மண்டபத்தைக் கூட்டிக் கழுவுதல் என வேலை பலவாகும். எல்லாம் மாணவியர் கையாலேயே நடைபெறும்.

குறைந்துவரும் கூட்டம்

இனிக் கவலைக்குரிய செய்தியொன்று. உயர் வகுப்புகளை எட்டியதும் இம்முயற்சிகளினின்று பிள்ளைகள் மெல்ல விலகுகின்றனர். பாடசாலை மணி அடித்ததும் தனியார் வகுப்பு. சனி ஞாயிறும் தனியார் வகுப்பு. மன்றமும் மைதானமும் வீண்பொழுதென்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஆண்பிள்ளைக்காயின் மாலையில் விளையாடக் கடற்கரை உண்டு; நண்பர் கூடும் சந்தி உண்டு. பெண்பிள்ளைக்கோ பாடசாலையைவிட்டால் அத்தகைய வெளி அரிது. அவளிடமிருந்து மன்றத்தை எடுத்துவிடின், பலர் முன்னிலையிற் பேசிப் பழக அவளுக்கு வேறு இடம் எது?

பரீட்சையில் நம் பெண்கள் பின்தங்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சேர்வோருள் இன்று பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. ஆயினும், 1931 முதல் வாக்குரிமையுடைய அவர்கள், 2024 இல் தெரிவான பாராளுமன்றத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கினரே. உள்ளூராட்சி மன்றங்களில் 2018 ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து பெண்களுக்கு நான்கிலொரு பங்கைச் சட்டத்தாலேயே ஒதுக்கவேண்டியதாயிற்று. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் நம் கையாற் களையலாம். புள்ளி பெறக் கற்பிக்கும் நாம், சபையில் எழுந்து மறுத்துரைக்கவும் பழக்குதல் வேண்டும். அப்பயிற்சியைத் தனியார் வகுப்பின் நெருக்கமான வாங்குகளில் எதிர்பார்த்தல் இயலாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பரீட்சையை அலட்சியம் செய்யுமாறு எவரும் கூறார். ஓர் ஆசிரியன் கூறுதல் அதனினும் தகாது. நாம் வேண்டுவது இவ்வளவே: வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் மகளுக்கு விட்டுக்கொடுங்கள். அவள் மன்றச் செயலாளராயின், எழுதிய அறிக்கையை வீட்டில் வாசித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியன்று தாயார் மட்டுமன்றித் தந்தையாரும் மைதானத்துக்கு வந்து அமருங்கள். ஒருநாட் கூலியையோ கடை வியாபாரத்தையோ விட்டு வருதல் எளிதன்று என்பதை அறிவோம். அவ்வாறு வந்திருந்த தகப்பனைக் கூட்டத்தினிடையே தேடிக் கண்டுகொண்ட பிள்ளை எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறாள் என்பதை ஆசிரியர் யாவரும் கண்டிருக்கின்றனர்.