வலியைச் சொன்னால் நம்புங்கள்

தில்லியில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு முழுவதும் வலியால் முனகுகிறார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். "கொஞ்சம் பொறுத்துக்கோ, அம்மா" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், "எல்லாம் தலைவிதி" என்கிறார்.

வலியைப் பொறுப்பது தலைவிதியா? இல்லை. வலியைக் குறைக்க மருந்து உண்டு.

காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். காயம் என்றால் கண்ணால் பார்க்கலாம். வலியை அப்படிப் பார்க்க முடியாது. நோயாளி சொல்வதுதான் அதன் அளவு. சிரித்துப் பேசுகிறவருக்கும் வலி இருக்கும். அதனால் "நடிக்கிறார்" என்று சொல்லக் கூடாது. நம்புவதுதான் முதல் கடமை. வீட்டாருக்கும் அதுதான். டாக்டருக்கும் அதுதான்.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் என்ற மருந்து தரப்படுகிறது. இது அபினியிலிருந்து கிடைக்கிறது. கசகசாச் செடியின் காயில் வடியும் பால்தான் அபினி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அனுமதியோடு இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். மருந்து செய்வதற்காக நம் அபினி வெளிநாடுகளுக்கும் போனது. ஆனால் நம் நோயாளிகளுக்கு அந்த மருந்து எளிதில் கிடைக்கவில்லை. ஏன்?

1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனை கடுமையாக இருந்தது. மருத்துவமனை மார்பின் வாங்கப் பல அலுவலகங்களில் அனுமதி பெற வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் மருந்தை வைக்கப் பயந்தார்கள். டாக்டர்கள் எழுதித் தரப் பயந்தார்கள். திருடனுக்காகப் போட்ட பூட்டு, நோயாளியையும் வெளியே நிறுத்திவிட்டது.

1998ஆம் ஆண்டு இந்தக் குறை தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்காக வந்தது. மார்பின் கேட்டு வரும் விண்ணப்பங்களைத் தாமதம் இல்லாமல் கவனிக்கும்படி நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சிக்கல் முழுதும் தீரவில்லை. 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. பல அனுமதிகளுக்குப் பதிலாக ஒரே அனுமதி போதும் என்று ஆனது.

"இந்த மருந்து கொடுத்தால் அம்மா போதைக்கு அடிமை ஆகிவிடுவாரோ?" என்று மகன் பயப்படலாம். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்னபடி கொடுத்தால் அப்படி ஆவது அரிது. அந்தப் பயத்தால் மருந்தை ஒளித்து வைப்பது தவறு. ஆனால் கவனம் தேவை.

டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில் கொடுக்க வேண்டும். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. மலச்சிக்கல் வரும். அதற்கும் டாக்டரிடம் மருந்து கேட்க வேண்டும். அளவுக்கு மீறித் தூங்கினால், மூச்சு மெதுவானால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

எல்லா வலிக்கும் மார்பின் மருந்து அல்ல. பல வருடமாக இருக்கும் மூட்டு வலி, இடுப்பு வலிக்கு வேறு மருந்தும் உடற்பயிற்சியும் உண்டு. ஆனால் எந்த வலியானாலும் நோயாளி சொல்வதை நம்ப வேண்டும்.

மருந்து மட்டும் போதுமா? போதாது. படுத்தே இருப்பவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புண்ணைச் சுத்தமாக வைக்க வேண்டும். நோயைப் பற்றி அவர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அவர் விருப்பத்தைக் கேட்டுச் செய்ய வேண்டும். பார்த்துக்கொள்ளும் வேலையை மருமகள் தலையில் மட்டும் போடக் கூடாது. வீட்டில் எல்லோரும் முறை வைத்துச் செய்யலாம்.

தில்லியில் 1996ஆம் ஆண்டு ஹர்மாலா குப்தா என்பவர் கேன்சப்போர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரே புற்றுநோயிலிருந்து மீண்டவர். இந்த அமைப்பின் டாக்டரும் நர்சும் ஆலோசகரும் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள். இதற்குப் பணம் வாங்குவதில்லை. உங்கள் ஊரில் வலி நீக்கும் சிகிச்சை எங்கே கிடைக்கும்? அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அப்படிக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

அந்த மகன் இனி "பொறுத்துக்கோ" என்று சொல்ல வேண்டாம். "பத்து விரலில் எத்தனை விரல் அளவுக்கு வலிக்குது, அம்மா?" என்று கேட்கட்டும். அவர் காட்டும் விரல்களை எண்ணி, டாக்டரிடம் போய்ச் சொல்லட்டும்.