மோட்டார் காயிலைக் காக்க பியூஸ் மட்டும் போதாது

நெல் கதிர் விடும் தருணத்தில் பம்புசெட் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டால் விவசாயிக்கு இரட்டை நஷ்டம். காயில் கட்டும் செலவு ஒருபுறம். மோட்டார் பட்டறையில் கிடக்கும் நாட்களில் பயிர் காய்வது மறுபுறம். பியூஸ் போட்டிருந்தும் மோட்டார் எப்படி எரிந்தது என்று பலரும் கேட்பதுண்டு. பியூஸின் வேலை வேறு. ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயின் வேலை வேறு.

பியூஸின் வேலை

415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் இது சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். ஆனால், நேரடி ஸ்டார்ட்டரில் கிளப்பும்போது சில வினாடிகளுக்கு இதைப்போல் 6 மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். இதைத் தாங்குவதற்காகவே 20 ஆம்பியர் பியூஸ் போடப்படுகிறது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியானால் 0.6 மி.மீ. கனம் போதும். ஒயர்கள் ஒன்றோடொன்று பட்டு ஷார்ட் ஆகும்போது பாயும் பெரும் மின்னோட்டத்தைத் துண்டிப்பதே பியூஸின் வேலை.

ரிலேயின் வேலை

மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் சுமார் 1.7 மடங்காக, அதாவது 13 ஆம்பியராக உயரும். 20 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. ஆனால் 7.5 ஆம்பியருக்கான காயில் சூடேறிக் கருகிவிடும். மின்னழுத்தம் குறைந்தாலும், பேரிங் இறுகினாலும் இதே ஆபத்து உண்டு. இங்கே காப்பாற்றுவது ரிலேதான். அதிலுள்ள இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து ஸ்டார்ட்டரை விழச் செய்கிறது. தகடு சூடேறச் சற்று நேரம் பிடிப்பதால், கிளப்பும்போது ரிலே விழுவதில்லை.

எந்த அளவில் வைப்பது?

மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரைப் பார்த்து, அதே அளவில் ரிலேயின் திருகை வைக்க வேண்டும். மேற்கண்ட மோட்டாருக்கு 6 முதல் 10 ஆம்பியர் வரையுள்ள ரிலே பொருந்தும், அதை 7.5-இல் வைக்கலாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலோடு தொடராக இணைக்கப்பட்டிருந்தால், பெயர்த்தகட்டு அளவை 0.58 ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 15 ஆம்பியர் எடுக்கும் 10 எச்.பி. மோட்டாருக்கு இது 8.7 ஆம்பியர். இணைப்பு எப்படியுள்ளது என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டறிவது நல்லது.

செய்யக்கூடாதவை

ரிலே அடிக்கடி விழுகிறதென்று திருகைக் கூட்டி வைப்பதும், ஸ்டார்ட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுப்பதும், பியூஸ் கட்டையில் கனத்த கம்பியைச் சுற்றுவதும் காயிலுக்கு உலை வைப்பதாகும். ரிலே விழுந்தால் மூன்று பேஸும் வருகிறதா, மின்னழுத்தம் சரியாக உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, பம்பின் தண்டு கையால் எளிதில் சுற்றுகிறதா என்று சோதிக்க வேண்டும். குறையைச் சரிசெய்து, ரிலே ஆறிய பின்னரே மீண்டும் கிளப்ப வேண்டும்.

அடிக்கடி பேஸ் போகும் ஊர்களில் சிங்கிள் பேஸ் பிரிவெண்டரையும் சேர்த்துப் பொருத்திக்கொள்வது நல்லது. இந்தச் சிறு செலவு, காயில் கட்டும் பெருஞ்செலவைத் தவிர்ப்பதோடு பயிரையும் காக்கும்.