பக்கவாதமும் வீணாகும் நேரமும்

பக்கவாதம் என்னும் நோய் நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் திண்ணையில் அமர்ந்திருப்போரை ஊர்தோறும் காண்கிறோம். தறியில் அமர்பவருக்கு இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே உழைக்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவருக்கும் அப்படியே. ஒரு பக்கம் செயலற்றால் அக்குடும்பத்தின் வருவாயே நின்றுவிடுகிறது. இந்நோய்க்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. ஆயினும் அது பலன் தரும் நேரத்துக்குள் ஆஸ்பத்திரியை அடைவோர் சிலரே. இந்தத் தாமதம் எங்கே நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பதை ஆராய்வோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதாலோ உடைவதாலோ பக்கவாதம் உண்டாகிறது. பெரும்பாலோருக்கு அடைப்பே காரணம். வாய்க்கால் அடைபட்டால் கடைமடை வயல் வாடுவதை உழவர் அறிவர். பயிர் சில நாள் தாங்கும். மூளையோ சில நிமிஷமே தாங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் கணக்கிட்டுள்ளனர். ஆனால் பாதிக்கப்பட்ட இடம் முழுவதும் ஒரே வேளையில் மடிவதில்லை. நடுப்பகுதி விரைவில் மடிகிறது; அதைச் சூழ்ந்த பகுதி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசியும் இரத்தத்தால் சில மணி நேரம் உயிர் தரித்திருக்கிறது. சிகிச்சை காப்பாற்றுவது இப்பகுதியையே.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து பயன் தருவதாக 1995-இல் நிறுவப்பட்டது. அன்று அதற்குரிய அவகாசம் 3 மணி நேரம். 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சியால் அது நாலரை மணி நேரமாக நீண்டது. அந்த அவகாசத்துக்குள்ளும், முன்னதாகப் போடும் ஊசிக்கே பலன் அதிகம். குழாய் உடைந்து இரத்தம் கசிந்தவருக்கு இம்மருந்து பெருந்தீங்கு விளைவிக்கும். அடைப்பா, உடைப்பா என்பதை வெளிக்குறிகளால் உறுதி செய்ய இயலாது. தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்த பின்னரே ஊசி போடுவர். ஆகவே ஸ்கான் வசதியில்லாத இடத்துக்கு நோயாளியைக் கொண்டு செல்வது நேரத்தை வீணாக்குவதேயாகும்.

தாமதத்துக்கு முதற் காரணம், இந்நோயில் பெரும்பாலும் வலி இல்லாமையே. நெஞ்சு வலித்தால் மனிதன் அலறுகிறான். வீடே ஓடி வருகிறது. கை மரத்தால், "இரவெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்ததால் இருக்கும்", "வாயு பிடித்திருக்கும்" என்று படுக்க வைக்கிறார்கள். நோயாளிக்கோ பேச்சுக் குழறுகிறது. சிலருக்குத் தம் கை செயலற்றதே தெரிவதில்லை. எனவே நோயுற்றவர் தாமே உதவி கோருவார் என்று எதிர்பார்க்கலாகாது.

இரண்டாவது காரணம், முடிவு செய்யத் தயங்குதல். மூத்த மகன் வரட்டும், பணம் புரளட்டும், நகையை அடகு வைக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். மூன்றாவது, தவறான வாயிலைத் தட்டுதல். எண்ணெய் தேய்ப்பதும், புறா இரத்தம் பூசுவதும், பின்னர் ஒரு சிறு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு அலைவதுமாகப் பொழுது கழிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 6 மணிக்கு ஒருவருக்கு வாய் கோணுகிறது. மகன் வந்து சேர மணி 7½. உள்ளூர் டாக்டரைப் பார்த்துத் திரும்ப 8½. ஸ்கான் இல்லாத ஆஸ்பத்திரியில் 10 மணி வரை. பெரிய ஆஸ்பத்திரியை அடையும்போது 11. ஊசிக்குரிய அவகாசம் 10½ மணிக்கே முடிந்துவிட்டது! இதில் வண்டி ஓடிய நேரம் சிறிது. நாம் யோசித்த நேரமே பெரிது.

திடீரென முகம் ஒருபுறம் கோணுதல், உயர்த்திய கை தாழ்ந்து விழுதல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்கான் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டு செல்லுமாறு கேட்க வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுக. டாக்டர் முதலில் கேட்பது அதுவே. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கலாமாகையால் தண்ணீரோ மாத்திரையோ புகட்டலாகாது. குறிகள் அரைமணியில் மறைந்துவிட்டாலும் வேலைக்குத் திரும்பலாகாது. அடுத்த இரண்டொரு நாளில் பெரிய தாக்குதல் வரக்கூடும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தாலும், நேரம் கடந்துவிட்டதென்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் குழாய்வழியே அடைப்பை அகற்றலாம் என்பது 2018-இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

இந்நோயை வரவழைப்பதில் முதலிடம் இரத்தக் கொதிப்புக்கே. அதை அளந்து பார்ப்பதும், டாக்டர் தரும் மருந்தை இடைவிடாது உட்கொள்வதும், புகையிலையை விடுவதும் வருமுன் காக்கும் வழிகளாகும்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவும் பகலும் ஸ்கான் எடுக்கும் ஆஸ்பத்திரி அருகில் எது, அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும், இரவில் வண்டி தருபவர் யார் என்பவற்றை விசாரித்து, சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அடுத்த பொதுக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டலாம். ஆபத்து வந்தபின் யோசிக்க நேரமில்லை. யோசனையை இன்றே முடித்து வைப்போமாக.